ரொம்ப சுத்தமான டேப்!

"ஐயோ...!"

நஃபுலாவின் அலறல் அந்தத் தகரக் குடிசைக்குள் மோதி, அவள் காதுக்கே திரும்பி வந்தது.

வர்சமே குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி. அதன் நுனியில் இருந்த ரத்தம் இன்னும் காயவில்லை.

"வர்சமே... யோவ், எழுந்திரிய்யா! நான்தான் நஃபுலா... வந்துட்டேன்ய்யா..."

எழுந்திருக்கிற நிலையில் அவர் இல்லை.

ஒரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். தலைமையகத்திலிருந்து போன் வந்தது. அந்த வெட்டிப் பேச்சில் அரைமணி நேரம் போய்விட்டது. அந்த அரைமணி நேரத்தில்...

நஃபுலாவுக்குக் காலையில் அவரைப் பார்த்துக் கடைசியாகக் கத்திய வார்த்தைகள் நினைவுக்கு வந்தன.

'மண்டையைப் பொளந்துடுவேன்!'

பொளந்திருந்தார்கள். வேறு யாரோ!

*

நைரோபிக்குப் பக்கத்துக் கிசேரியனில் இருந்த அந்த நிலையத்துக்கு இன்ஸ்பெக்டர் ஓகுட்டு வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார்.

காரணம் கொலை அல்ல. கேட்டில் இருந்த வாட்ச்மேன்!

"போலீஸ் ஜீப்பையே உள்ள விட மாட்டேங்கறான்! பெட்ரோல் வண்டியாம், வெளியவே நிக்கணுமாம்! இந்தக் குளிர்ல என்னை நடக்க வெச்சுட்டான். யாரும்மா இங்க பொறுப்பு?"

"நான்தான் சார். நஃபுலா. நிலையத் தலைவி."

"என்ன நிலையம்?"

"அயல்நாட்டு ஒலிபரப்புக் கண்காணிப்பு நிலையம். பலகைல எழுதியிருக்கே."

"படிச்சேன். புரியல. ஊரு நாட்டு ரேடியோவெல்லாம் உக்காந்து ஒட்டுக் கேக்குறதுக்கு இவ்வளவு நீளப் பேரா?"

"ஒட்டுக் கேக்கல சார். ரேடியோங்கறதே ஊருக்கெல்லாம் கேக்கட்டும்னு கத்துறதுதான். அவங்க கத்துறாங்க. நாங்க கேட்டு, மொழிபெயர்த்து, தலைமையகத்துக்கு அனுப்பறோம்."

"தலைமையகம் எங்க?"

"ஐரோப்பால."

"அதானே பார்த்தேன்!"

கேட்காமலே அவள் நாற்காலியில் உட்கார்ந்தார் ஓகுட்டு. மேஜையில் இருந்த அவளுடைய டீயையும் எடுத்துக் குடித்தார். நஃபுலா பல்லைக் கடித்தாள்.

"இந்தப் பக்கம் கட்டடம்... நடுவுல ஏரியல் கம்பம் நட்ட புல்வெளி... அந்தக் கோடியில குடிசை. குடிசைக்குப் பின்னால வேலி, பின் கேட்டு, பூட்டு. சரிதானே?"

"சரி."

"பின் கேட்டுச் சாவி?"

"ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு இஞ்சினியர்கிட்ட."

"குடிசைகிட்ட டயர் தடம் இருக்கே. புல்வெளிக்குள்ள போற வண்டி?"

"நிலையத்து டீசல் லேண்ட் ரோவர் மட்டும்தான்."

"அதோட சாவி?"

"...என்கிட்ட."

"பொணத்த மொதல்ல பார்த்தது?"

"நான்."

ஓகுட்டு டீயை ரசித்து உறிஞ்சினார். "இதுக்கு நான் எதுக்கும்மா நடந்து வந்தேன்? நீங்களே ஸ்டேஷனுக்கு வந்து உக்காந்திருக்கலாமே!"

வாசலில் யாரோ கனைத்தார்கள். உதவித் தலைவன் சைலஸ். நஃபுலாவின் நாற்காலி மேல் அவனுக்கு ஐந்து வருஷமாகக் கண். இப்போதும் இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல் நாற்காலியைத்தான் பார்த்தான்.

"சொல்லவே சங்கடமா இருக்கு சார்..."

சங்கடம் முகத்தில் இல்லை. மீசைக்குக் கீழே லேசாகச் சிரிப்பு இருந்தது.

"காலைல மேடமும் வர்சமேயும் பெரிய சண்டை. 'மண்டையைப் பொளந்துடுவேன்'னு மேடம் கத்தினாங்க. நாங்க எல்லாருமே கேட்டோம்."

"எல்லாருமா?"

"எங்க தொழிலே கேக்கறதுதானே சார்."

அவனுக்குப் பின்னால் உயரமாக ஒருவர் வந்து நின்றார். முரீதி. ரிசீவர், ரெக்கார்டர், ஏரியல் எல்லாவற்றையும் பராமரிக்கும் இஞ்சினியர். தொப்பியைக் கையில் எடுத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"குடிசைச் சாவி எங்கிட்ட மட்டும்தான் சார் இருக்கு, வர்சமே வந்து வாங்கினார். எதுக்குன்னு துருவிக் கேட்டதுக்கு, 'ஒரு மணிக்கு மேடத்தைத் தனியாப் பாக்கணும்'னார். நான் குடுத்தேன். குடுக்காம இருந்திருந்தா மனுஷன் உயிரோட இருந்திருப்பாரு..."

குரல் தழுதழுத்தது.

"நீங்க ஒரு மணிக்கு எங்க இருந்தீங்க?" ஓகுட்டு கேட்டார்.

"பன்னெண்டரைக்கே கிளம்பி பக்கத்து ஊர் ரோங்காய்க்குச் சாப்பிடப் போயிட்டேன் சார். ஆட்டுக்கறி, உகாலிக் களி. ரெண்டு மணிக்குத் திரும்பினா... இங்க இப்படி!"

"என்ன வண்டி?"

"பழைய பெஜோ சார். பெட்ரோல். வெளியதான் நிக்குது."

"நீங்க?" சைலஸ் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஃபோக்ஸ்வேகன். அதுவும் பெட்ரோல்தான்."

"அப்ப டீசல் வண்டி இந்தம்மாகிட்ட மட்டும்தான்!"

நஃபுலா மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தேக்கரண்டி துள்ளிக் கீழே விழுந்தது.

"சண்டை எதுக்குன்னு யாராவது சொன்னாங்களா சார்? நான் சொல்றேன். கேளுங்க!"

"சொல்லுங்க. ஆனா ஒரு விஷயம்... அதை உண்மைன்னு சொல்ல வேண்டிய ஆளு இப்ப சவக்கிடங்குக்குப் போய்க்கிட்டிருக்காரு."

 அவள் மடமடவென்று பேசினாள்.

"வடக்க எல்லைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு ரகசிய ரேடியோ வருது. கலகக்காரங்க ஒளிஞ்சு நடத்தறாங்க. சோமாலி மொழி. தெனம் அலைவரிசைய மாத்துவாங்க. அதத் தேடிப் புடிக்கறது வர்சமேயோட வேலை. அவர் புடிச்சு இங்க போர்டுல எழுதின கொஞ்ச நேரத்துல... அந்த நாட்டு அரசாங்கம் அதே அலைவரிசைல இரைச்சலக் கொட்டி ரேடியோவ அமுக்கிடுது! ஆறு மாசமா இதே கதை."

"இங்கேருந்து யாரோ சொல்றாங்க?"

"வர்சமே அதைத்தான் சொன்னாரு! மூணு நாள் அலைவரிசைய எழுதாம மனசுக்குள்ளயே வெச்சிருந்தாரு. மூணு நாளும் அரசாங்கத்து இரைச்சல் வரல. நேத்து ஒரே ஒரு ஆள்கிட்ட மட்டும் சொல்லிப் பார்த்தாராம். நேத்தே வந்துடுச்சு!"

"யாரு அந்த ஆளு?"

"அதைச் சொல்லத்தான் சார் என்னைக் குடிசைக்கு வரச் சொன்னாரு! 'பேரை இங்கயே சொல்லித் தொலைய்யா, இல்லேன்னா மண்டையப் பொளந்துடுவேன்'னு நான் கத்தினேன். 'இங்க வேணாம் மேடம், இந்தக் கட்டடத்துல இருக்கறது பூரா காதாலயே பொழைக்கிற ஜனம்'னாரு..."

 பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்த மனுஷன். தன் பிளாஸ்கிலிருந்து ஏலக்காய் டீயை யார் கேட்டாலும் ஊற்றிக் கொடுக்கிற மனுஷன். அவரிடம் கடைசியாகச் சொன்னது அந்த வார்த்தையாகவா இருக்க வேண்டும்!

ஓகுட்டு நிதானமாக எழுந்தார். இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார்.

"நல்ல கதை. ரேடியோவுல போடலாம். கையை நீட்டுங்க."

*

"ஒரு நிமிஷம் சார்!"

நஃபுலா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உங்க ஜீப்ப ஏன் வாட்ச்மேன் தடுத்தான் தெரியுமா?"

"திமிரு!"

"இல்ல. பெட்ரோல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் இருக்கு. ஒவ்வொரு தடவையும் அது பொறி விடறப்ப, பக்கத்துல இருக்கற ஏரியல் அதைப் புடிச்சுடும். ரேடியோவுல 'டக் டக் டக்'னு விழும். டீசல் எஞ்சின்ல பிளக்கே கிடையாது. அதனாலதான் உள்ள டீசல் வண்டி மட்டும்."

"அதனால?"

"வர்சமே குடிசைக்குப் போறப்ப அவரோட ரெக்கார்டரை ஓட விட்டுட்டுத்தான் போனாரு. ஒரு மணி நிகழ்ச்சி பூராவும் பதிவாகியிருக்கும். ஏதாவது பெட்ரோல் வண்டி பின் கேட்டு வழியா குடிசைக்கு வந்திருந்தா... அது டேப்புல இருக்கும்!"

சைலஸ் பக்கென்று சிரித்தான்.

"என்ன மேடம், சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி! நம்ம ரெக்கார்டர்ல மைக்கே கிடையாதே! ரேடியோ வயர்லேர்ந்து நேரா டேப்புக்குப் போறது. கார் சத்தம் எப்படி விழும்?"

"சத்தம் இல்லடா முட்டாளே, பொறி! பத்து வருஷமா இங்க குப்பை கொட்டற, இது கூடத் தெரியாதா?"

"நான் எழுதறவன். எனக்கு எதுக்கு பிளக்கும் பொறியும்?"

ஓகுட்டு இஞ்சினியரைப் பார்த்தார். "இந்தம்மா சொல்றது நெசமா?"

முரீதி தயங்கினார். மெதுவாகத் தலையாட்டினார்.

"நெசம்தான் சார். மேடம் சொல்றது நூத்துக்கு நூறு சரி. டேப்பைப் போட்டே பார்த்துடலாம்."

வர்சமேயின் அறை ஒரு ஆள் உட்காரும் அளவுதான். ரிசீவர், ரெக்கார்டர், ஹெட்போன், அந்த பிளாஸ்க். முரீதி டேப்பைப் பின்னால் ஓட்டி, ஸ்பீக்கரைத் திருகினார்.

அறிவிப்பாளரின் குரல் எழுந்தது. சோமாலி மொழியில் ஆவேசமாக ஒரு செய்தி. ஒரு பாட்டு. மறுபடி செய்தி...

டக் டக் இல்லை.

ஒரு பொறி கூட இல்லை. குரல் கழுவித் துடைத்த மாதிரி, அவ்வளவு சுத்தமாக வந்தது.

நிகழ்ச்சி முடிகிறவரை ஓட விட்டார் முரீதி. நஃபுலாவின் முகத்தில் வியர்வை அரும்பியது, அந்த ஆகஸ்ட் குளிரிலும்!

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு மேடம்." முரீதி தொப்பியைப் பிசைந்தார். "ஆனா இஞ்சினியரா நான் பொய் சொல்ல முடியாது. பெட்ரோல் வண்டி எதுவும் குடிசைப் பக்கம் வரல. உங்க டீசல் வண்டி மட்டும்தான்."

"நீங்களே கேட்டு வாங்கின சாட்சி!" ஓகுட்டுவுக்கு வாயெல்லாம் பல். "கடைசில உங்க டேப்பே உங்களைக் காட்டிக் குடுத்துடுச்சே!"

விலங்கு 'க்ளிக்' என்று விழுந்தது.

சைலஸ் வாசலில் நின்றபடியே நாற்காலி இருக்கும் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

*

ஓகுட்டு அவளைத் தோளில் தட்டி நகரச் சொன்னார். நஃபுலா நகரவில்லை. ஸ்பீக்கரையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

"நடங்கம்மா."

"ரொம்ப சுத்தமா இருக்கு..."

"எது?"

"டேப்பு சார். ரொம்ப... ரொம்ப சுத்தமா இருக்கு! மில்லு எங்க?"

"என்ன மில்லு?"

"கிலோன்சோ மில்லு!" அவள் கத்தினாள். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளம் அரைக்கற மாவு மில்லு! அந்தப் பாவி மோட்டாரைப் போட்டான்னா எங்க ரேடியோ பூரா 'கொர்ர்ர்'ருங்கும். ரெண்டு வருஷமா சண்டை. கவுன்சிலுக்கு எழுதித் தடை உத்தரவே வாங்கினேன்... ஒரு மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் மில்லு ஓட்டக் கூடாதுன்னு!"

"தடை இருக்கே மேடம்," முரீதி மெல்லச் சொன்னார். "அதான் ஓட்டல போல."

"தடை போட்ட நாள்லேர்ந்து ஒரு நாளாவது நிறுத்தியிருக்கானா? மத்த நேரமெல்லாம் மூட்டை மேல படுத்துத் தூங்குவான். கரெக்டா ஒரு மணி அடிச்சா எழுந்து வந்து ஓட்டுவான். என் மேல அவ்வளவு வெறுப்பு! டேய் சைலஸ்... நீ சொல்லு! ஒரு மணி நிகழ்ச்சியோட தாளெல்லாம் உன் கைக்குத்தானே வருது?"

சைலஸ் வாயைத் திறக்கவே விரும்பவில்லை. ஆனால் அவன் எழுதுகிற ஆள். தாளைப் பற்றிக் கேட்டால் பொய் வராது.

"வரிக்கு வரி 'மில் இரைச்சல், கேட்கவில்லை'ன்னுதான் இருக்கும் சார். அதைப் படிச்சுப் படிச்சே எனக்குத் தலைவலி வரும். ஒரு நாள் கூட சுத்தமா இருந்ததில்ல."

"அப்ப இது என்ன டேப்பு?" ஓகுட்டு முகத்தைச் சுளித்தார்.

"காலை ஆறு மணி டேப்பு சார்! கலகக்காரங்க காலைல போட்ட நிகழ்ச்சியவே மத்தியானம் மறுபடி போடுவாங்க. அதே குரல், அதே செய்தி. காலைல மில்லு கிடையாது. இரைச்சல் கிடையாது. பொணத்தப் பார்க்க எல்லாரும் குடிசைக்கு ஓடினப்ப யாரோ இந்த அறைக்குள்ள வந்து டேப்பை மாத்தியிருக்காங்க. ஏன்? ஒரிஜினல் டேப்புல வண்டி இருக்கு!"

ஓகுட்டு அவளை முறைத்தார். விலங்கை முறைத்தார். ஒரு கொலையை இவ்வளவு சுலபமாக முடித்தேன் என்று சந்தோஷப்பட்டவருக்கு இப்போது வயிறு எரிந்தது.

"மில்லு இன்னிக்கு ஓடிச்சுன்னு அந்த ஆளு சொல்லணும். சொன்னா உங்க பேச்சுக்கு அர்த்தம் உண்டு. சொல்லலேன்னா..." விலங்கைத் தட்டிக் காட்டினார். "கான்ஸ்டபிள்! மில்லுக்காரனக் கூட்டிட்டு வா!"



உலகத்தில் யார் வேண்டுமானாலும் நஃபுலாவுக்குச் சாட்சி சொல்லலாம்... கிலோன்சோவைத் தவிர!

*

கிலோன்சோ வந்தான். குட்டை உருவம். புருவம் வரைக்கும் மாவு. நஃபுலாவின் கையில் விலங்கைப் பார்த்ததும் அவன் முகம் பண்டிகை மாதிரி மலர்ந்தது.

"அடடா! கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கே! யார் பண்ணின புண்ணியம்?"

"வாயை மூடு," என்றார் ஓகுட்டு. "இன்னிக்கு மத்தியானம் ஒரு மணிக்கு மில்லை ஓட்டினியா?"

"ஓட்டலியே சார்! கவுன்சில் உத்தரவு இருக்கே! நான் சட்டத்த மதிக்கிற ஆளு."

"பொய்யி!" நஃபுலா பாய்ந்தாள். "நேத்து ஓட்டினே! முந்தாநாள் ஓட்டினே! வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினே!"

"பல்லைக் காட்டறதுக்குத் தடை இல்லியேம்மா."

"கிலோன்சோ... ஒரு மனுஷன் செத்துக் கிடக்கான்யா! வர்சமே! உன் மில்லுலதான்யா மாவு அரைப்பாரு!"

கிலோன்சோவின் சிரிப்பு நின்றது. "யாரு... அந்த டீ குடுக்கற பெரியவரா?"

"அவர்தான். அவரைக் கொன்னவன் தப்பிச்சுப் போகப் போறான். நான் தூக்குல தொங்கப் போறேன். நீ ஓட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

அவன் தரையைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். பிறகு அவன் கண்ணில் ஒரு கணக்கு ஓடியது.

"சொன்னா... தடைய மீறினேன்னு என்னையில்ல உள்ள வெப்பாங்க? அதனால தடைய வாபஸ் வாங்குங்க. இப்பவே. எழுதிக் கையெழுத்துப் போட்டு... இன்ஸ்பெக்டர் சாட்சிக் கையெழுத்தோட!"

"டேய்... பொணத்த வெச்சுக்கிட்டு பேரம் பேசறியா!"

"ரெண்டு வருஷமா மில்லு நஷ்டம்மா. ரேடியோ கேக்கறவங்களுக்குப் பசி தெரியாது."

"குடுங்க சார் பேனாவை!"

விலங்கு மாட்டிய கையோடே எழுதினாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு ஓடியது. ஓகுட்டு முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கிலோன்சோ தாளை மடித்து, மாவுச் சட்டையின் உள்பைக்குள் பத்திரமாக வைத்தான். தொண்டையைச் செருமினான்.

"ஓட்டினேன் சார். ஒரு மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும். எல்லா நாளும் மாதிரி. ஊரே அதிருற மாதிரி!"

"பொய்!!"

எல்லோரும் திரும்பினார்கள்.

முரீதி! முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பச்சைப் பொய் சார்! காரியம் ஆகணும்னு கூசாம புளுகறான்! இன்னிக்கு மத்தியானம் மில்லு ஓடவே இல்ல! ஒரு சின்ன சத்தம் கூட இல்ல!"



நஃபுலா அவரை மேலும் கீழும் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"முரீதி... ஒரு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ரோ... ரோங்காய்ல..."

"ரோங்காய்ல உக்காந்து ஆட்டுக்கறி கடிச்சுக்கிட்டே, இங்க கிசேரியன்ல மில்லு ஓடலங்கறது காதுல கேட்டுதா? அவ்வளவு நல்ல காதா? அப்ப எனக்கு எதுக்குய்யா இத்தனை ரிசீவரு!"

"இல்ல... வந்து... யாரோ சொன்னாங்க..."

"யாரு?"

 தொப்பி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"பூட்டுச் சாவி உங்க கையில. குடிசைச் சாவி குடுத்தது நீங்க. நாங்க ரெண்டு பேரும் சந்திக்கப் போறது தெரிஞ்ச ஒரே ஆளும் நீங்கதான். சார், டேப்புல கார் விழும்ங்கறதே இந்தக் கட்டடத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். நான் மாத்தியிருந்தா அதைப் போட்டுக் கேளுங்கன்னு உங்க கால்ல விழுவேனா?"

ஓகுட்டு ஒரு நொடி யோசித்தார். ஒரே நொடிதான்.

"கான்ஸ்டபிள்! அந்த பெஜோ வண்டிய உருட்டிப் புரட்டிப் பாரு!"

முரீதி ஓடினார்!

வாசலில் சைலஸ் நின்றிருந்தான். வீரத்தால் அல்ல, நகரத் தெரியாமல். இருவரும் மோதி உருண்டார்கள். சைலஸ் கீழே, முரீதி மேலே. கான்ஸ்டபிள் அதற்கும் மேலே!

"என் முதுகு... ஐயோ என் முதுகு..." என்று கத்தினான் வருங்காலத் தலைவன்.

*

ஸ்டெப்னி டயருக்கு அடியில், ஒரு பழைய துணிக்குள் அது இருந்தது. டேப்!

விலங்கு கை மாறியது.

"அழிச்சிருப்பேன்," என்று உறுமினார் முரீதி. "இன்னும் ஒரு மணி நேரம் கெடச்சிருந்தா அழிச்சிருப்பேன்! அந்தக் கெழவன்... நேத்து எங்கிட்ட மட்டும் அலைவரிசையச் சொன்னப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நான் வாயை மூடிக்கன்னு கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். மாட்டேன்னான்."

"உங்களுக்கு என்னய்யா குறை வெச்சோம்?" நஃபுலாவின் குரல் உடைந்தது.

"குறையா? நான் நட்ட கம்பம், நான் இழுத்த வயர்... பேரு மட்டும் உங்களுக்கு! அந்த அரசாங்கத்து ஆளுங்க என்னை மனுஷனா மதிச்சாங்க. கேட்டதெல்லாம் குடுத்தாங்க."

"கூட்டிட்டுப் போ இவனை!" என்றார் ஓகுட்டு.

போகும்போது கிலோன்சோவைப் பார்த்துக் காறித் துப்பினார் முரீதி. "பொய் சொல்லிப் புடிச்சுட்டீங்கடா!"

டேப்பை நஃபுலாவே மாட்டினாள். ஓட விட்டாள்.

அதே அறிவிப்பாளர். அதே ஆவேசம். கொஞ்ச நேரத்தில் குரலுக்குப் பின்னால்... டக்... டக்... டக்டக்டக்... நெருங்கி வந்தது. வந்து, சட்டென்று நின்றது.

அதற்குப் பிறகு அறிவிப்பாளர் மட்டும் பேசினார். அடுத்து பாட்டு. யாரோ ஒரு பெண் உருகிப் பாடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாட்டு நேரத்தில்தான்...

நஃபுலா கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. சைலஸ் கூட முதுகைத் தடவுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

டக்டக்டக்... மறுபடி தொடங்கி, தேய்ந்து, மறைந்தது.

"அருமையான சாட்சி," என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார் ஓகுட்டு. "கோர்ட்டுல அப்படியே போட்டுடலாம். அம்மா... நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"வெச்சுப்பேன்," என்றாள் நஃபுலா. "டீயையும் சேர்த்து."

ஓகுட்டு சிரிக்கப் போனவர், பாதியில் நிறுத்தினார். ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார்.

"இருங்க... இதுல கார் இருக்கு. பாட்டு இருக்கு. மில்லு எங்க?"

நஃபுலா கண்ணைத் திறந்தாள். டேப்பை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி போட்டாள்.

கொர்ர்ர் இல்லை.

கொர்ர்ர் என்பது எங்குமே இல்லை!

ஐந்து கண்கள் மெதுவாகத் திரும்பின. ஐந்துதான்... சைலஸின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. எல்லாம் போய் நின்றது கதவைத் திறந்து நழுவப் பார்த்த கிலோன்சோவின் மேல்.

"கிலோன்சோ!" ஓகுட்டு உறுமினார். "ஊரே அதிருற மாதிரி ஓட்டினேன்னியே!"

"பெல்ட்டு சார்..." அவன் தலையைச் சொரிந்தான். மாவு கொட்டியது. "காலைலயே பெல்ட்டு அறுந்துபோச்சு. நைரோபிலேர்ந்து வரணும். மில்லு இன்னிக்கு எழுந்திரிக்கவே இல்ல."

"அப்ப அந்த இஞ்சினியர் சொன்னது..."

"அந்த ஒண்ணு மட்டும் சத்தியமான உண்மை சார்."

 உண்மை சொன்னவன் விலங்கோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். பொய் சொன்னவனால் நஃபுலா உயிரோடு நின்றுகொண்டிருந்தாள். அழுவதா, அறைவதா, அவளுக்கே தெரியவில்லை.

"போலீஸ்காரன்கிட்டயே புளுகியிருக்கே!" ஓகுட்டு எகிறினார். "உன்னை என்ன பண்றேன் பாரு!"

கிலோன்சோ உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தாள் பத்திரமாக இருந்தது.

"ரெண்டு வருஷத்துல சட்டப்படி மில்லை மூடி வெச்சிருந்தது இந்த ஒரே நாள்தான் சார்... அதுக்குமா கேஸ் போடுவீங்க?"